அயர்லாந்து ஜெயிலுக்கு அயிலைக் குழம்பு

பேத்திக்கு வலது கை ஒடிந்த புண்ணியத்தில் நான் அயர்லாந்து பார்த்தேன். ஐஸில் வழுக்கி விழுந்திருக்கிறாள், அதுவும் வகுப்பு வாசலிலேயே. பிரின்சி அங்கே மேற்படிப்பு படிக்கிறாள். மனித உரிமை என்று ஒரு படிப்பு. ஒற்றைக் கையால் வெங்காயம் உரிக்க முடியவில்லை என்று போனில் அழுதாள். என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான், அவனுக்கு லீவு இல்லை. மருமகள் டீச்சர், அவளுக்குப் பரீட்சை நேரம். வீட்டில் சும்மா இருப்பது அம்மா ஒருத்திதான் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். நான் சும்மா இருக்கிறேனா என்று எங்கள் ஊர் முட்டத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் அன்று நான் எதிர்த்துப் பேசவில்லை. பிளேன் ஏற வேண்டுமே.

எனக்கு எழுத்து தெரியாது. எங்கள் பங்குக் கோவில் திருவிழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டு வந்ததால் நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். டீச்சர் என்பதால் என் பேச்சை இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாள். அங்கே நானும் மற்றவர்களும் பேசிக்கொண்டதை மட்டும் கசங்கியபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

எந்த வழியாகப் போனேன் என்று கேட்காதீர்கள். ஏறிய இடம் முதல் இறங்கிய இடம் வரை யாராவது ஒருவர் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினார்கள். எனக்கு நன்றாக நடக்க வரும். தொலைந்து போகாமல் இருக்க மகன் செய்த ஏற்பாடு அது. நானும் காலைத் தொங்கப் போட்டு, முகத்தைச் சோர்வாக வைத்துக்கொண்டு ராணி மாதிரி போனேன். கடைசி இடத்தில் ஒரு போலீஸ் நாய் வந்து என் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. உள்ளே நெத்திலிக் கருவாடு. நான் சட்டென்று எழுந்துபோய், "போ சவமே" என்று நாயை விரட்டினேன். நாற்காலி தள்ளி வந்த கிழவர் என் கால்களைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார், பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் வீட்டில் அன்று என்ன அற்புதம் கண்டதாகச் சொன்னாரோ தெரியாது. கருவாட்டை எடுத்துக்கொண்டார்கள். மிளகாய்ப்பொடியையும் புளியையும் விட்டுவிட்டார்கள்.

பிரின்சி கட்டுப் போட்ட கையோடு கூப்பிட வந்திருந்தாள். பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்து நின்றதும் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டு என் பக்கமாகத் தாழ்ந்தது. டயர் போய்விட்டது என்று நான் பின்னால் நகர்ந்தேன்.

"ஒனக்காக்கும் தாழுது அம்மச்சி, ஏறு."

"எனக்கா?"

"வயசானவங்களுக்கு அப்பிடித்தான்."

நான் மீன் விற்ற காலத்தில், பெட்டியோடு ஏறினால் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு விசில் அடிப்பார். நாகர்கோவில் போகிற வழியில் எந்தெந்தப் புளியமரத்தடியில் இறக்கி விடுவார்கள் என்று எனக்கு மனப்பாடம். இங்கே பஸ் முழங்கால் போடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள மாதா கோவிலுக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே இருந்த நாலைந்து கிழங்கள் பெஞ்சை விட்டு எழும்பவே இல்லை. அந்த ஊரில் முழங்கால் போடுவது பஸ் மட்டும்தான்.

பிரின்சி இருந்த வீட்டில் எல்லோருமே அதே படிப்புக்காரர்கள். ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் பாக்கெட்டில் பேர், வெண்ணெயில் பேர், பாதி வெட்டிய தக்காளியில்கூட பேர். நான் எழுத்து தெரியாதவள். முன்னால் இருந்த பாலை எடுத்து எல்லோருக்கும் சேர்த்து டீ போட்டேன். அது லியம் என்கிற பையனுடைய பால். மாடி அறையில் இருப்பவன், தென்னை உயரம், சிவந்த தாடி. சாயங்காலம் அவன் ஒரு கூட்டம் போட்டான். உட்கார்ந்து, கை தூக்கிப் பேசி, கடைசியில் ஃபிரிட்ஜில் எனக்குத் தனியாக ஒரு தட்டு ஒதுக்கித் தீர்ப்பு சொன்னார்கள். கோபமே இல்லை. சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

"மக்களே, இந்த மனித உரிமைன்னா என்னதாக்கும்?" என்று பிரின்சியிடம் கேட்டேன்.

"மனுசனாப் பொறந்த எல்லாருக்கும் உள்ளது அம்மச்சி."

"எல்லாருக்கும் உள்ளதுன்னா அத எதுக்குப் படிக்கணும்?"

"உள்ளது கெடைக்கல்ல இல்லா, அதுக்கு."

"அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? நாகர்கோவில் கலெக்டர் ஆபீசு வாசல்ல ஒரு நாளு நின்னியானா போதுமே."

"அம்மச்சி, வெங்காயத்தை உரி."

அங்கே சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கு. அவித்தது, பொரித்தது, மசித்தது, மசித்ததற்கு மேல் இன்னொரு தடவை சுட்டது. நாம் மரச்சீனிக் கிழங்கைத் தின்பது மாதிரிதான், ஆனால் நமக்குப் பக்கத்தில் மீன் இருக்கும். மீன் வாங்குவார்கள், முள் இல்லாத துண்டாக, சோப்புக்கட்டி மாதிரி அட்டைப்பெட்டியில். அந்த மீனுக்குத் தலை எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை பிரின்சி வகுப்புக்குப் போனபிறகு, பஸ் முழங்கால் போடுவதை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கிளம்பினேன். தாழ்ந்தது, ஏறினேன். இறங்கும் இடம் தெரியாததால் கடைசி வரை போனேன். கடைசி வரை போனால் கடல். படகு கட்டிக் கிடக்கிறது, வலை காய்கிறது, ரப்பர் சட்டை போட்ட ஒருவர் கூடை நிறைய அயிலை மீன் வைத்திருக்கிறார். நான் தமிழில் விலை குறைத்தேன், அவர் அவருடைய பேச்சில் மறுத்தார். நான் திரும்பி நடந்தேன், அவர் கூப்பிட்டார். முட்டத்திலும் இதேதான். மேலே இரண்டு மீனைப் போட்டும் தந்தார். திரும்பும் பஸ்ஸில் பழக்கத்தில் கதவோரமே நின்றேன். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஒரு கிழவி பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினாள்.

வீட்டு வாசலில் பிரின்சி அழுது முகம் வீங்கி நின்றாள். கூடவே லிசி. காலேஜ் ஆஸ்பத்திரி நர்ஸ், கோட்டயம் பக்கத்து மலையாளிப் பெண், பிரின்சிக்குக் கட்டுப் போட்டவள். நான் பேசும் தமிழ் அவளுக்கு முக்கால்வாசி புரியும், அவள் மலையாளம் எனக்கு முழுசும் புரியும். இரண்டு பேரும் ஊரெல்லாம் தேடிவிட்டார்களாம். பையைத் திறந்து காட்டினேன். லிசி, "அய்யோ, ஐல" என்று மோந்து பார்த்தாள். பிரின்சி மோந்து பார்க்கவில்லை.

"இனிமே ஒன்னத் தனியா விட மாட்டேன். நாளைக்குக் கோர்ட்டுக்கும் எங்கூட வா."

கோர்ட்டு என்றதும் நான் மீன் பையைப் பின்னால் மறைத்தேன். நிஜக் கோர்ட்டு இல்லையாம். படிப்பு முடிகிற நேரத்தில் பிள்ளைகளே வக்கீலாக நின்று வழக்கு நடத்த வேண்டும், பேராசிரியை நீதிபதியாக உட்கார்ந்து மார்க் போடுவார். கை ஒடிந்ததால் பிரின்சிக்கு எழுத வேண்டிய ஒரு பரீட்சை ஏற்கனவே போய்விட்டது. இதில் தேறினால்தான் பட்டம். இதுவும் போனால் இத்தனை நாள் படித்தது வீண், வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"என்ன வழக்கு?" என்று அடுப்பில் சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டேன்.

"ஒரு மீன்பிடிக்காரன் தெரியாம அடுத்த நாட்டுக் கடலுக்குள்ள போயிருவான். அந்த நாட்டுக்காரன் புடிச்சு ஜெயில்ல போடுவான். சோறு தரல்ல, வீட்டு ஆளைப் பாக்க விடல்லன்னு மீன்பிடிக்காரன் கேஸ் போடுவான்."

"நல்ல வழக்கு. நீ அவனுக்குப் பேசணும், நல்லாப் பேசு மக்களே."

பிரின்சி அடுப்பைப் பார்த்தாள். "நான் அந்த நாட்டுக்குப் பேசணும் அம்மச்சி. சீட்டு அப்பிடி வுழுந்திட்டு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். நம் ஊரில் கடலுக்குப் போனவன் பிடிபட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது இந்த மலரை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

"ஏட்டி, கடல்காரனைப் புடிச்சு வச்சவனுக்கா நீ பேசப் போற? முட்டத்துல தல காட்ட முடியுமா?"

"நாடகம் மாதிரி அம்மச்சி இது."

"ஈஸ்டருக்குப் போடுற பாஸ்கா நாடகத்துல யூதாசு வேசம் கட்டினவனுக்குப் பெண்ணு கெடைக்க பட்ட பாடு ஒனக்குத் தெரியாதா?"

"அம்மச்சி, எனக்குப் பட்டம் வேண்டாமா?"

வேண்டும்தான். மீன்பிடிக்காரனாக வேஷம் கட்டுவது மாடி லியம். அவன் எதிர்க்கட்சி, கோர்ட்டு முடிகிற வரை அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே என்றாள். சரி என்றேன்.

மறுநாள் அயிலையைப் புளி விட்டுக் குழம்பு வைத்து, சோற்றோடு அடுக்குப் பாத்திரத்தில் போட்டேன், பிரின்சியின் மத்தியானச் சாப்பாட்டுக்கு. காலேஜ் வராந்தாவில் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. அதுதான் ஜெயில். உள்ளே லியம், கிழிந்த பனியனோடு. வாசலில் போலீஸ் தொப்பி போட்ட ஒரு பெண். பட்டினி கிடந்தால்தான் முகத்தில் தெரியும் என்று முந்தின நாள் சாயங்காலம் முதல் அவன் எதுவுமே தின்னவில்லையாம். வயிறு இரைவது எனக்கு வெளியே கேட்டது.

பேசாதே என்றுதானே சொன்னாள். நான் பேசவில்லை.

நம் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவனை ஸ்டேஷனில் வைத்துவிட்டால் வெளியே வருகிற வரைக்கும் தெருவில் முறை வைத்துச் சோறு போகும். அவன்மேல் கேஸ் கொடுத்தவன் வீட்டிலிருந்தும் போகும். என் வீட்டுக்காரரை ஒரு வலைச் சண்டையில் பிடித்து வைத்தபோது முதல் சோறு கொண்டுவந்தவள் யார் தெரியுமா, கேஸ் கொடுத்தவனுடைய பெண்டாட்டி செபஸ்தியம்மாள். பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "தின்னிட்டு சாவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேஸ் வேறு, சோறு வேறு.

நான் பாத்திரத்தோடு எழுந்து போனேன். தொப்பிக்காரி என் சேலையைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், முகம் மலர்ந்து கதவைத் திறந்துவிட்டாள். பேராசிரியைதான் யாரையோ மீன்பிடிக்காரனின் அம்மா வேஷத்துக்குப் பிடித்து வந்திருக்கிறார் என்று நினைத்தாளாம். என் ஸ்வெட்டரில் ஒரு சீட்டை ஒட்டி, கையெடுத்துக் கும்பிடவும் செய்தாள்.

லியம் முதலில் வேண்டாம் என்று கையை ஆட்டினான். மூடியைத் திறந்தேன். ஆட்டிய கை நின்றுவிட்டது. பிறகு அவன் தின்ற வேகம் இருக்கிறதே, கடலில் இருந்து வந்தவன்கூட அப்படித் தின்ன மாட்டான். முள்ளுள்ள மீனை அவன் கண்டது இல்லை. பாதியில் தொண்டையில் ஒரு முள் குத்திவிட்டது. கண் பிதுங்குகிறது. வெறும் சோற்றை உருட்டி வாயில் போட்டு, முதுகில் ஒன்று வைத்தேன். முள் இறங்கியது. மிளகாய் இறங்கவில்லை. மூக்கிலும் கண்ணிலும் ஒழுக ஒழுக இருக்கும்போதே மணி அடித்து அவனைக் கோர்ட்டுக்குள் கூட்டிப் போனார்கள். நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

உள்ளே பேசியது அப்போது எனக்குப் புரியவில்லை, பிரின்சி பிற்பாடு சொன்னது இது. கறுப்பு அங்கி போட்ட பேராசிரியை உயரத்தில் உட்கார்ந்திருந்தார். பிரின்சி எழுந்து, "காவலில் உமக்குச் சாப்பாடு தந்தார்களா?" என்று கேட்டாள். இல்லை என்பதுதான் அவன் பாடம் பண்ணிய பதில். லியம் வாயைத் திறந்தான், விக்கல் வந்தது. தாடியில் சோறு. மஞ்சள் கையை மறைக்க இடம் இல்லை. நீதிபதி முன்னால் பொய் சொல்ல மாட்டேன் என்று அவன் கொஞ்சம் முன்னால்தான் சத்தியம் செய்திருந்தான்.

"தந்தார்கள்," என்றான். "சோறும் மீனும். என் வாழ்நாளில் இப்படி ஒன்றைச் சாப்பிட்டதில்லை."

கூடம் முழுக்கச் சிரிப்பு. லியமுக்காகப் பேசிய வக்கீல் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மேஜையைத் தட்டினாள். அரசு வக்கீலின் பாட்டி எங்கள் சாட்சிக்குச் சோறு போட்டுக் கெடுத்துவிட்டாள், இது திட்டமிட்ட வேலை என்றாள். பேராசிரியை முகம் மாறியது. சாட்சியைக் கலைப்பது விளையாட்டிலும் குற்றம்தான், பிரின்சி சொல்லி நடந்திருந்தால் மார்க் கிடையாது என்றார். என்னைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். பிரின்சி மொழிபெயர்க்கக் கூடாது, அவள்தான் குற்றவாளி. ஆகவே பக்கத்துக் கட்டிடத்தில் இருந்து லிசி ஊசி போடுகிற சட்டையோடேயே ஓடி வந்தாள்.

"எந்தா அம்மச்சி, பின்னேயும்?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றாள். மறுபடியுமா என்று அர்த்தம்.

என் கையில் செபமாலை. அதைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். பிரின்சியைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தச் சபையில் நம் பிள்ளையை நல்லவள் என்று நிலைநாட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீறாப்பு வந்துவிட்டது.

"அது யாருடைய சாப்பாடு?" என்று அந்த வக்கீல் பெண் கேட்டாள், லிசி சொன்னாள்.

"பிரின்சிக்க சோறு," என்றேன் பெருமையாக. "அவளுக்க பங்கு. எனக்க பிள்ள பசிச்சுக் கெடந்து எதிராளிக்குச் சோறு கொடுத்த பிள்ளையாக்கும்."

லிசி மொழிபெயர்க்கவில்லை. குனிந்து என் காதில், "அம்மச்சி, அது பறயண்டா" என்றாள். சொல்ல வேண்டாமாம்.

"ஏன் சொல்லக் கூடாது? நல்ல காரியந்தானே. சொல்லு."

லிசி சொன்னாள். பிரின்சி கட்டுப் போட்ட கையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்த வக்கீல் பெண் சந்தோஷமாக உட்கார்ந்தாள். என்னமோ தப்பாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் மாலை போடுகிற காரியத்துக்கு அந்த ஊரில் கழுத்தை வெட்டுவார்கள் போலிருக்கிறது.

பேராசிரியை என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "கொடுக்கச் சொல்லி பிரின்சி சொன்னாளா?"

செபமாலை கையில் இருக்கிறது. "இல்ல. அவன்கிட்ட பேச்சே வேண்டாம்னாக்கும் சொன்னா. நான்தான் கொடுத்தேன். எங்க ஊரு வழக்கம்." செபஸ்தியம்மாள் கதையையும் சொன்னேன். லிசி மலையாளத்தில் கேட்டு, இங்கிலீஷில் சொல்லி, தானே சிரித்து, மறுபடி சொன்னாள்.

"சோறு தின்றபிறகு உங்கள் கணவர் வழக்கில் விட்டுக்கொடுத்தாரா?" என்று பேராசிரியை மறுபடியும் கேட்டார்.

"எங்க விட்டாரு. செபஸ்தியம்மாளுக்க சோத்தத் தின்னுகிட்டே வழக்கையும் நடத்தினாரு. அவளுக்க மாப்பிள்ளைக்க வலைய அறுத்தவர்னு கோர்ட்ல நிரூபணம் ஆச்சு. தோத்துப் போனாரு."

பேராசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் பிரின்சி எழுந்தாள். அழுத கண்ணோடு, ஆனால் குரல் கணீரென்று. கனம் நீதிபதி அவர்களே, என் பாட்டியின் ஸ்வெட்டரைப் பாருங்கள் என்றாள். எல்லோரும் பார்த்தார்கள், நானும் குனிந்து பார்த்தேன். தொப்பிக்காரி ஒட்டிய சீட்டில் 'கைதியின் குடும்பம், அனுமதிக்கப்பட்டது' என்று எழுதியிருந்ததாம். அனுமதி கொடுத்தது அரசாங்கத்தின் காவலாளி, வீட்டு ஆள் என்று ஒருத்தியை உள்ளே விட்டார்கள், வீட்டுச் சாப்பாடு கொடுக்க விட்டார்கள், கைதியே வயிறு நிறைந்தது என்கிறார், இதற்கு மேல் என் நாட்டின் காவலில் என்ன குறை என்று கேட்டாள்.

கூடம் கை தட்டியது. தொப்பிக்காரி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டாள். பேராசிரியை தீர்ப்புச் சொன்னார். சாட்சியைக் கலைத்ததாகச் சொல்ல முடியாது. பிரின்சி தேறிவிட்டாள், அதுவும் நல்ல மார்க்கில். அரசாங்கம் ஜெயித்தது. மீன்பிடிக்காரன் அப்பீல் போடுகிற வரைக்கும் காவலிலேயே இருக்க வேண்டியது.

பிரின்சி ஓடி வந்து ஒற்றைக் கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். பட்டம் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் நான் கொடுத்த சோற்றால் ஒரு கடல்காரன் உள்ளே போய்விட்டான்.

"அவன எப்பம் விடுவாவ?"

"எல்லாம் முடிஞ்சாச்சு அம்மச்சி. அவன் அந்தா சைக்கிள எடுத்துக்கிட்டுப் போறான் பாரு."

"அப்பீலு போட்டானா?"

"இல்ல."

"அப்பம் உள்ளதான் இருக்கான். தீர்ப்பு தீர்ப்பாக்கும்."

பிரின்சி தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய கை கட்டுக்குள் இருந்தது. நான் அன்று முதல் மத்தியானமானால் ஒரு பாத்திரத்தில் சோறும் குழம்பும் எடுத்து மாடிக்குப் போனேன். லியம் கதவைத் திறந்து, கைகள் இரண்டையும் விலங்கு போட்ட மாதிரி சேர்த்து நீட்டி, தட்டை வாங்கிக்கொள்வான். முள்ளை எடுக்கவும் பழகினான். நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று பிரின்சிக்குக் கட்டு பிரித்திருந்தார்கள். மிளகாய்ப்பொடி டப்பாவை அவள் கையில் கொடுத்தேன்.

"உள்ள போட்டது நீயாக்கும். இனி ஒனக்க மொற."

அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

போன வாரம் போன் பண்ணினாள். பட்டமளிப்புக்கு அங்கி தைக்கக் கொடுத்திருக்கிறாளாம், தொப்பிக்குத் தலை அளவு எடுத்தார்களாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்கு முக்கியமானதை நான் கேட்டேன்.

"அவன் அப்பீலு போட்டானா மக்களே?"

"போட மாட்டேங்கான் அம்மச்சி. பேராசிரியையே கேட்டாச்சு, மாட்டேங்கான்."

"ஏனாம்?"

"வெளிய வந்தா சோறு நின்னு போவுமாம்."

சட்டம் எனக்குத் தெரியாது. நாளைக்குச் சாளை மீன் கிடைத்தால் வாங்கு, புளியைக் கொஞ்சம் குறைத்துப் போடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.